பீக் ஒன்றாக இருந்தும் சத்தம் ஏன் ஒன்றாக இல்லை?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எல்லாக் கோப்புகளையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு மைனஸ் 0.1 டெசிபலுக்கு நார்மலைஸ் செய்த பிறகுதான் ஒலிபரப்புகிறோம். அப்படியும் மல்லிகைத் தோட்டத்து அம்மா ஒருவரின் 11 நிமிடப் பேட்டி சரியாகக் கேட்கவில்லை என்று சொல்கிறார்கள். அந்த அம்மா வீட்டிலேயே கேட்கவில்லையாம். அடுத்து வந்த ஜவுளிக்கடை விளம்பரம் காதைப் பிளந்துவிட்டதாம். மீட்டரில் இரண்டும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. எங்கே தப்பு? கைவசம் உள்ள 400 கோப்புகளையும் திரும்பச் செய்ய வேண்டுமா?" பேட்டியையும் விளம்பரத்தையும் கூடவே அனுப்பியிருந்தார். இரண்டையும் கேட்டேன், அளந்தும் பார்த்தேன்.

தம்பி, நீங்கள் சமப்படுத்தியது பீக்கை, அதாவது ஒலி அலையின் மிக உயரமான முனையை. டிஜிட்டலில் பூஜ்யம்தான் உச்சவரம்பு, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ் கணக்கு. கேட்கிறவர் காதுக்குத் தெரிவது லவுட்னஸ், அதாவது மொத்தத்தில் உணரும் சத்தம். ஒன்றைச் சமமாக்கினால் மற்றது தானாகச் சமமாகாது. பல நேரம் இடைவெளி இன்னும் கூடித்தான் போகும். உங்கள் கோப்புகளில் நடந்ததும் அதுதான்.

ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் நிறுத்தியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதைவிட உயரமான வண்டி உள்ளே போக முடியாது. ஒரு லாரியில் வைக்கோலையும் இன்னொன்றில் மேலூர் கிரானைட் கல்லையும் அந்தச் சட்டத்தைத் தொடும் அளவுக்கு அடுக்கினால் இரண்டும் ஒரே உயரம். ஆனால் எடைமேடையில் ஏற்றினால்? பீக் என்பது அந்தச் சட்டம். லவுட்னஸ் என்பது எடைமேடை. நீங்கள் சட்டத்தை வைத்து எடை போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பேட்டியையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 48,000 மாதிரிகள் (அலையின் உயரத்தை அளந்த எண்கள்) என்ற கணக்கில் 11 நிமிடப் பதிவில் 3 கோடியே 16 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. பீக் நார்மலைசேஷன் அத்தனை எண்களிலும் மிகப் பெரிய ஒன்றை மட்டும் தேடி எடுக்கிறது. அது உச்சியைத் தொடும் வரை மொத்தக் கோப்பையும் ஏற்றிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த ஒரே எண் எங்கே இருக்கிறது என்று தேடினேன். மூன்றாவது நிமிடத்தில் அந்த அம்மா பூப்பறிக்கும் கூலி பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் யாரோ தூக்குவாளி மூடியைத் தரையில் தவறவிடுகிறார்கள். 'ணங்' என்று ஒரு சத்தம். அரை நொடி கூட இல்லை. அந்த மூடிதான் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் அம்மாவின் குரல் எங்கேயும் மைனஸ் 11 டெசிபலைத் தாண்டவில்லை. 11 நிமிடப் பேச்சு எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை ஒரு தூக்குவாளி மூடி முடிவு செய்திருக்கிறது!

விளம்பரத்தில் நிலைமை நேர் எதிர். அது கலக்கும்போதே, சத்த ஏற்றத்தாழ்வைச் சுருக்கும் கம்ப்ரஸரிலும் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டரிலும் பிழிந்து வந்தது. அலைவடிவத்தைப் பார்த்தால் செங்கல் போல மேலும் கீழும் மட்டமாக இருக்கிறது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை எல்லாமே உச்சிக்குப் பக்கத்தில். அளந்ததில் பேட்டியின் லவுட்னஸ் மைனஸ் 29.4 எல்.யு.எஃப்.எஸ். (லவுட்னஸை அளக்கும் அலகு), விளம்பரத்தினுடையது மைனஸ் 8.6. வித்தியாசம் 20.8. சுமார் 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் விளம்பரம் பேட்டியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு சத்தம். உங்கள் மீட்டர் இரண்டையும் 'சமம்' என்றது.

எல்.யு.எஃப்.எஸ். என்றால் என்ன என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் பி.எஸ். 1770 என்ற பரிந்துரையை வெளியிட்டது. காது உணரும் சத்தத்தைக் கருவியால் எப்படி அளப்பது என்று அது சொல்கிறது. முதலில் ஒலியை இரண்டு வடிகட்டிகள் வழியாக அனுப்புகிறார்கள். ஒன்று, உயர் அதிர்வெண்களைச் சுமார் 4 டெசிபல் தூக்குகிறது. மனிதத் தலை இருப்பதால் காதருகே ஒலியில் ஏற்படும் மாற்றத்துக்கான ஈடு அது. இன்னொன்று, அடித்தொண்டை உறுமலையும் மோட்டார் இரைச்சலையும் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைக்கிறது. காது அவற்றைக் குறைவாகத்தான் உணர்கிறது, அதனால் கணக்கிலும் குறைவு. பிறகு 0.4 நொடித் துண்டுகளாக ஒலியின் ஆற்றலைச் சராசரி எடுக்கிறார்கள். தூக்குவாளி மூடி விழுந்த துண்டும் அதில் ஒன்றுதான், ஆனால் 11 நிமிடத்தில் ஓரிரண்டு துண்டுகள் சராசரியைப் பெரிதாக அசைக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2011-ல் சேர்ந்த ஒரு திருத்தம். நம் ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது நிறுத்தி, யோசித்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மறுபடி தொடங்குவார்கள். அந்த மௌனங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பேச்சு உண்மையில் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். அதனால் மைனஸ் 70-க்குக் கீழே இருக்கும் துண்டுகளை முதலில் ஒதுக்கிவிடுகிறார்கள். மீதியின் சராசரியைக் கண்டு, அதைவிட 10-க்கு மேல் தாழ்ந்த துண்டுகளையும் ஒதுக்குகிறார்கள். மிஞ்சுவது, ஆள் பேசும்போது எவ்வளவு சத்தம் என்பதற்கு மிக நெருக்கமான எண். பேசாத நேரத்துக்காகப் பேசுகிறவரைத் தண்டிக்காத கணக்கு இது.

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இந்த அளவையை வைத்து 2010-ல் ஆர் 128 என்ற பரிந்துரையைக் கொண்டு வந்தது. நிகழ்ச்சிகளின் லவுட்னஸ் மைனஸ் 23, உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுவது எல்லா ஊரிலும் உள்ள தொந்தரவுதான்.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? 1939-ல் அமெரிக்காவில் வி.யு. மீட்டர் என்ற முள் மீட்டர் வந்தது. முள் ஏறி நிற்க 0.3 நொடி எடுத்துக்கொள்ளும். 'ணங்' என்று மூடி விழுந்தால் முள் எழும்புவதற்குள் சத்தம் முடிந்துவிடும், அதனால் அதைப் பெரிதாகக் காட்டாது. துல்லியமில்லைதான், ஆனாலும் காதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்த அளவை அது. டேப் காலத்து ஒலிப்பதிவாளர்கள் அந்த முள்ளைப் பார்த்து, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். பிறகு டிஜிட்டல் வந்தது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எதுவுமே இல்லை, போனால் தலை வெட்டுப்பட்டு ஒலி கிழியும். அந்தப் பயத்தில் எல்லோர் கண்ணும் பீக் மீட்டருக்குப் போனது. கண் அங்கே போனதும் 'பூஜ்யத்தைத் தொட்டால் முழுச் சத்தம்' என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. நீங்கள் செய்துகொண்டிருந்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். மைக்செட்டில் தொடங்கி, ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், பிறகு வானொலிகளுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தவன் நான். மைக்செட்டில் வேலை பழகும்போது என் குரு மீட்டரைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. குழாயைக் கட்டி முடித்ததும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, தெருமுனை வரை நடந்து போய் நின்று கேட்பார். திரும்பி வந்து குமிழைத் திருகுவார். மறுபடி நடப்பார். கம்ப்யூட்டர் கிடைத்ததும் நான் தெருமுனைக்கு நடப்பதை விட்டுவிட்டேன். திரையில் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன்.

அது உடைந்தது ஒரு டீக்கடையில். செல்லம்பட்டிப் பக்கம் வேறு வேலையாகப் போயிருந்தபோது, நான் தயாரித்துக் கொடுத்த ஒரு மணி நேர நிகழ்ச்சி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ, பிஸ்கட் பாட்டில்களுக்கு மேலே பலகையில். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே இருப்பார். பாட்டு முடிந்து பேச்சு வரும். கிளாஸை வைத்துவிட்டு, தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, எக்கி, குமிழைக் கூட்டுவார். விளம்பரம் வரும். மறுபடி கை துடைப்பு, எக்கல், குறைப்பு. நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் 11 தடவை எண்ணினேன். பன்னிரண்டாவது தடவை, கிராம நர்ஸ் ஒருவர் பச்சைக் குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பற்றிப் பேசத் தொடங்கியதும், அவர் குமிழைக் கூட்டவில்லை. அணைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நர்ஸ் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து பேசிவிட்டுப் போனவர். அவர் பேச்சை நான்தான் அந்தக் கடைக்காரர் கைக்கு எட்டாமல் வைத்திருந்தேன். அன்று ராத்திரியே லவுட்னஸ் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பீக்கை மட்டும் பார்த்து ஒலிபரப்பும்போது அடிபடுவது எப்போதும் மெல்லப் பேசுகிறவர்கள்தான். பயிற்சி பெற்ற அறிவிப்பாளர் குரல் தப்பித்துவிடும். ஏஜென்சியில் தயாரான விளம்பரம் தப்பித்துவிடும். முதல் தடவையாக மைக் முன்னால் உட்காரும் விவசாயி, கூச்சப்படும் பள்ளிக்கூடப் பிள்ளை, மூச்சு வாங்கப் பேசும் பாட்டி, இவர்கள் பேச்சுதான் பின்னால் போகும். சமுதாய வானொலி என்று ஒன்றை நடத்துவதே அவர்களுக்காகத்தானே?

சரி, 'கடைசியில் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒரு பிராசஸர் இருக்கிறதே, அது சமப்படுத்தாதா?' என்று கேட்பீர்கள். ஓரளவு சமப்படுத்தும். பெரிய பண்பலை நிலையங்களில் அந்தப் பெட்டி மிகவும் கெட்டிக்காரப் பெட்டி. ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கி, உச்சியையும் கட்டிப்போடும். அமெரிக்காவில் ஆர்பன் நிறுவனத்தின் ஆப்டிமாட் 1975-ல் வந்ததிலிருந்து உலகம் முழுக்க இந்த வகைப் பெட்டிகள்தான் பண்பலையின் 'குரலை' முடிவு செய்கின்றன. ஆனால் அதனிடம் 20 டெசிபல் வித்தியாசத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? சத்தமான விளம்பரம் முடிந்து அம்மாவின் மெல்லிய குரல் வரும்போது, பெட்டி உடனே ஏற்றாது. மெதுவாக, சில நொடிகள் எடுத்துக்கொண்டு ஏற்றும். முதல் இரண்டு வாக்கியம் போய்விடும். பிறகு அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் பெட்டி இன்னும் ஏற்றும். மின்விசிறி, காக்கை, தூரத்து பஸ் ஹாரன் எல்லாம் அலை போல எழும்பி வரும். ஏறி நிற்கும் நேரத்தில் அடுத்த விளம்பரம் வந்தால் முதல் அடி காதில் அறையும். அந்தப் பெட்டிக்கு உள்ளே போகும் ஒலி ஏற்கெனவே சமமாக இருந்தால் அது கொஞ்சமாக வேலை செய்யும், நன்றாக வேலை செய்யும்.

பீக்கை அப்படியே மறந்துவிடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். சுரங்கப்பாதைக்கு முன்னால் உள்ள சட்டம் அங்கேயேதான் இருக்கிறது. பண்பலையில் ஒலியின் உச்சம் கூடக் கூட அலைவரிசை இரு பக்கமும் அகலமாக ஆடும். அந்த ஆட்டம் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேட்பவருக்கு ஒலி கிழியும், பக்கத்து அலைவரிசைக்கும் தொந்தரவு. இன்னொன்றும் உண்டு. பண்பலை ஒலிபரப்பில் இரைச்சலைக் குறைப்பதற்காக, அனுப்பும்போது உயர் அதிர்வெண்களை வேண்டுமென்றே தூக்கி அனுப்பி, ரேடியோ பெட்டியில் அதே அளவு இறக்கிக்கொள்வார்கள். நம் நாட்டில் பழக்கத்தில் உள்ள 50 மைக்ரோநொடி ஏற்பாட்டில் இந்தத் தூக்கல் 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, 15 கிலோஹெர்ட்ஸில் 13 டெசிபலைத் தாண்டிவிடும். 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மைக்கை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு சீறும் குரலைப் பதிவு செய்து, அதற்கு மேல் ட்ரெபிளையும் கூட்டினால், உங்கள் மீட்டரில் ஒழுங்காகத் தெரியும் பேச்சு டிரான்ஸ்மிட்டர் வாசலில் லிமிட்டரில் முட்டும். ஆகவே காதுக்காக லவுட்னஸ், கருவிக்காக பீக். இரண்டும் வேண்டும். கோப்புகளைச் சமப்படுத்துவது லவுட்னஸை வைத்து. பீக் வெறும் எல்லைக்கோடு.

'சத்தமாக அனுப்பினால் தூரமாகக் கேட்கும்' என்று உங்கள் நிலையத்தில் யாரோ சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிக்னல் பலவீனமான இடத்தில் இரைச்சல் மாறாமல் இருக்க, ஒலி மட்டும் கூடினால் பேச்சு அதற்கு மேலே எழுந்து கேட்கும். ஆனால் அலை எட்டும் தூரத்தை அது கூட்டாது. அதைத் தீர்மானிப்பவை டிரான்ஸ்மிட்டரின் சக்தி, ஆண்டெனாவின் உயரம், நடுவில் நிற்கும் மலை. கொடைக்கானல் பண்பலை 100.5 தென்மாவட்டங்களில் இவ்வளவு ஊர்களில் எடுப்பதற்குக் காரணம் அது மலை உச்சியில் நிற்பது. சமுதாய வானொலிக்கு அனுமதி 50 வாட் டிரான்ஸ்மிட்டர், தரையிலிருந்து அதிகபட்சம் 30 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா. நாகமலைக்கு அந்தப் பக்கம் உங்கள் நிலையம் எடுக்கவில்லை என்றால், நிலையத்தின் அடையாள இசையான ஜிங்கிளை எவ்வளவு பிழிந்தாலும் மலை வழிவிடாது.

இனி செய்ய வேண்டியதற்கு வருவோம்.

இலக்கு எண் என்ன வைப்பது? மைனஸ் 23 நல்ல எண்தான், ஆனால் அது தொலைக்காட்சி உலகத்தை மனதில் வைத்துப் பரவியது, மெல்லவும் சத்தமாகவும் போய்வர நிறைய இடம் விடுகிறது. உங்கள் நேயர்கள் டிராக்டரிலும் ஷேர் ஆட்டோவிலும் அடுப்பங்கரையிலும் கேட்கிறார்கள். அங்கே மெல்லிய இடங்கள் எல்லாம் வெளிச்சத்தத்தில் மூழ்கிவிடும். என் யோசனை: நிலையத்துக்குள் எல்லாக் கோப்புக்கும் மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ்., உச்சம் மைனஸ் 3. எந்த எண் என்பதைவிட எல்லோரும் ஒரே எண்ணில் நிற்பது முக்கியம். விளம்பரத்துக்கு ஓர் எண், பாட்டுக்கு ஓர் எண் என்று வைக்கத் தொடங்கினால் ஆறு மாதத்தில் பழைய நிலைமைக்கே போய்விடுவீர்கள். காற்றில் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்பதைக் கடைசிப் பெட்டியில் ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும்.

கணக்கு சின்னப்பிள்ளைக் கணக்கு. லவுட்னஸில் 1 அலகும் 1 டெசிபலும் ஒன்றுதான். விளம்பரம் மைனஸ் 8.6, இலக்கு மைனஸ் 18. அப்படியானால் 9.4 டெசிபல் குறைக்க வேண்டும். குறைத்த பிறகு அதன் உச்சம் மைனஸ் 9.5-ல் நிற்கும். பேட்டியின் உச்சம் மைனஸ் 3-ல் நிற்கும். திரையில் விளம்பரம் சிறுத்துத் தெரியும், பழைய பழக்கத்தில் கை அதை ஏற்றிவிடத் துடிக்கும். ஏற்றாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஆடாசிட்டியில் நீங்கள் பயன்படுத்தும் 'நார்மலைஸ்' பீக்குக்கானது. அதற்குப் பக்கத்திலேயே 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் மைனஸ் 23 என்று போட்டிருக்கும், மைனஸ் 18 ஆக்கிக்கொள்ளுங்கள். கீழே 'மோனோவை இரட்டை மோனோவாகக் கருதுக' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விடாதீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இந்த அளவை இடது, வலது இரண்டின் ஆற்றலையும் கூட்டிக் கணக்கிடுகிறது. மோனோ கோப்பில் ஒரே தடம்தான் இருப்பதால் 3 குறைவாகக் காட்டும். ஆனால் ஒலிபரப்பும்போது அது இரண்டு ஸ்பீக்கரிலும்தான் வரும். டிக் செய்யாவிட்டால் போனில் மோனோவாகப் பதிவு செய்த பேட்டிகள் எல்லாம் ஸ்டீரியோ பாட்டுகளைவிட 3 டெசிபல் கூடுதலாக வந்து நிற்கும். 'எல்லாம் சரியாகத்தானே செய்தோம், இப்போது பேச்சு இடிக்கிறதே' என்று தலையைச் சொறிவீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அந்த வசதி ஒலியை ஏற்றும், உச்சியில் முட்டினாலும் நிறுத்தாது. மெல்லிய பேட்டியை ஏற்றும்போது உச்சங்கள் பூஜ்யத்தைத் தாண்டலாம். ஆடாசிட்டிக்கு உள்ளே அது கெட்டுப்போகாது, ஆனால் அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் வெட்டுப்படும். அதனால் ஏற்றிய பிறகு லிமிட்டரை மைனஸ் 3-ல் வைத்து ஒரு தடவை ஓட்டிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஏன் பூஜ்யம் வரை விடக் கூடாது என்றால், மாதிரி எண்களுக்கு நடுவில் அலை அவற்றைவிட உயரமாகப் போகலாம். எம்.பி.3 ஆக மாற்றும்போதும் உச்சங்கள் கொஞ்சம் எழும்பும். மைனஸ் 0.1-ல் நிறுத்திய கோப்பு எம்.பி.3 ஆனதும் கிழிவதற்கு இதுதான் காரணம்.

பாட்டுகள். இப்போதைய சினிமாப் பாட்டுகள் பல மைனஸ் 8, மைனஸ் 9 என்று வருகின்றன. மைனஸ் 18-க்கு இறக்கினால் அடுத்த பேச்சோடு ஒட்டும். ஏற்கெனவே வெட்டுப்பட்டு வந்த பாட்டு இறக்கியதால் தெளிவாகிவிடாது, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டில் 'டப்' என்று ஒரு கீறல் சத்தம் பீக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், தூக்குவாளி மூடி போலவே. லவுட்னஸ் கணக்கில் அந்தப் பாட்டு தானாக மேலே வரும்.

முழுக் கோப்பின் சராசரி சரியாக இருந்தாலும் ஒட்டும் இடம் உறுத்தலாம், அது தனி விஷயம். கோயில் திருவிழா நிகழ்ச்சி ஒன்று, 30 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் நாதஸ்வரமும் தவிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக மைனஸ் 18 செய்தால் தவில் சராசரியை இழுத்துக்கொள்ளும், பேச்சு கீழே போகும். அதனால் துண்டு துண்டாக முதலில் சமப்படுத்தி, பிறகு கோர்க்க வேண்டும். ஆலாபனையில் மெல்லத் தொடங்கும் பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் குரலைக் கொஞ்சம் தணித்து முடிக்க வேண்டும். இதை எந்த மீட்டரும் செய்யாது. ஒவ்வொரு ஒட்டிலும் முன் 10 நொடி, பின் 10 நொடி கேளுங்கள். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் வேண்டாம், சின்ன ரேடியோ பெட்டியில், ஃபேனைப் போட்டுவிட்டு, அறைக்கு வெளியே நின்று.

விளம்பரதாரர் வந்து 'என் விளம்பரத்தை ஏன் குறைத்தீர்கள்' என்று கேட்பார். கேட்டால், ஒரே வாரம் இரண்டு விதமாகவும் ஓட்டி அவரையே கடையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். சத்தம் கூடிய விளம்பரம் வந்த மறுநொடி கை குமிழுக்குப் போகிறது. குறைத்த ரேடியோவில் அவர் கடைப் பெயர் யாருக்கும் கேட்காது.

பதிவு செய்யும் இடத்திலேயே பாதிப் பிரச்சினை தீரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து. உங்கள் பேட்டியில் போன் அந்த அம்மாவைவிடத் தூக்குவாளிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. தூரத்தில் பதிந்த குரலை எவ்வளவு ஏற்றினாலும் சுற்றியுள்ள இரைச்சலும் சேர்ந்தே ஏறும். லவுட்னஸ் நார்மலைசேஷனால் அதைப் பிரிக்க முடியாது.

400 கோப்புகளையும் கையால் திரும்பச் செய்ய வேண்டாம். முதலில் விளம்பரங்களும் ஜிங்கிள்களும். அவை சிலதான் இருக்கும், அடிக்கடி ஓடுபவையும் அவைதான், அவற்றை இறக்கினாலே நேயர்களுக்கு வித்தியாசம் தெரியும். பாட்டுகளை ஆடாசிட்டியில் மேக்ரோ ஒன்று (ஒரே வேலையை எல்லாக் கோப்பிலும் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதி ஒரு ராத்திரி ஓட விட்டுவிடுங்கள். மூலக் கோப்புகள் வேறு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கட்டும். பேட்டிகளை மட்டும் மறு ஒலிபரப்புக்கு எடுக்கும்போது ஒவ்வொன்றாகக் காது கொடுத்துச் செய்யுங்கள்.

மல்லிகை அம்மாவின் பேட்டியை இன்றே செய்துவிடலாம், அரை மணி நேர வேலை. மூன்றாவது நிமிடத்தில் மூடி விழும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 12 டெசிபல் இறக்குங்கள். முழுக்க வெட்ட வேண்டாம், அந்த இடத்தில் அவர் சிரிக்கிறார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மோட்டார் உறுமலை ஹை-பாஸ் வடிகட்டியால் எடுத்துவிடுங்கள். பிறகு லவுட்னஸ் மைனஸ் 18. ஏறக்குறைய 11.4 டெசிபல் ஏறும், குரலின் உச்சங்கள் பூஜ்யத்தை லேசாகத் தாண்டும், லிமிட்டர் மூன்று மூன்றரை டெசிபல் பிடித்தால் போதும், காதுக்குத் தெரியாது. முடித்ததும் மறு ஒலிபரப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.